வேலி போட்ட கடல்

நான் மெட்ராசுக்குக் கடல் பார்க்கப் போகவில்லை. என் மகள் சிந்துவை வீட்டுக்குக் கூட்டிவரப் போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் யாரும் எழுதிவைக்காத, யாரும் மீறாத சட்டம். பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு, மறுநாள் காலை ரயிலில் அவளும் நானும் வடவள்ளியில் எங்கள் வீட்டுக்கு. முன்னறைக்கு வெள்ளையடித்து, பரணிலிருந்து அவள் படுத்த மரத் தொட்டிலை இறக்கித் துடைத்து, சட்டங்களைப் பூட்டி நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினேன். நடுவில் கடல் வந்தது என் தலையெழுத்து.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வருஷா வருஷம் பிள்ளைகளை ஆழியாறு, ஊட்டி, மலம்புழா என்று பஸ்ஸில் உல்லாசப் பயணம் அழைத்துப்போய், எண்ணி ஏற்றி எண்ணி இறக்கியவள். ஒரு பிள்ளையைக்கூட நான் தொலைத்தது கிடையாது.

ரயில் சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தபோது போகி விடிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தால் ஊரைக் காணோம். எல்லாம் புகை. தெருவுக்குத் தெரு பழைய பாயும் கிழிந்த தலையணையும் எரிகிறது, சுற்றி நின்று பிள்ளைகள் குட்டி மேளத்தைப் போட்டு அடிக்கிறார்கள். எங்கள் பக்கம் அன்றைக்கு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவோம். இவர்கள் நெருப்பு வைத்துவிட்டு இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

"எங்கம்மா போணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"மேற்கு மாம்பலம் போகோணுமுங்க."

"போகோணுமுங்களா? ஊருக்குப் புச்சா கீறீங்க போல" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஊருக்குப் புதுசு என்பதற்கு எவ்வளவு வாங்கலாமோ அவ்வளவும் வாங்கினார்.

மாம்பலத்துச் சந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஸ்கூட்டர் போனால் எதிரே வருகிற மாடு ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அப்படி ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் சம்பந்தி வீடு. சம்பந்தியம்மா பெயர் கஸ்தூரி. மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய குப்பத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஒரே மகன் தினேஷ். ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் ஆபீசில் அவனுக்கும் சிந்துவுக்கும் வேலை, அங்கேயே காதல், அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அவர் ஊர் மேல்தான்.

நான் சிந்துவுக்காக இரண்டு கேன் சிறுவாணித் தண்ணீர் சுமந்து போயிருந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி மெட்ராஸ் தண்ணீரைக் குடித்து என்னத்துக்கு ஆவது? குளித்துவிட்டு வருவதற்குள் கஸ்தூரி அம்மா அதில் ஒரு கேனை எடுத்து வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டார்.

"ஐயோ, அது சிறுவாணித் தண்ணிங்க!"

"தண்ணிதானே சம்மந்தி? உளுந்துக்கு இன்னா தெரியும்?"

சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பொங்கல். குக்கரில். மூன்றாவது விசிலுக்கு எல்லோரும் அடுப்படியில் நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். பொங்கி வழிய வேண்டியது பானைக்குள், மூடி போட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறது, இவர்கள் ஆவிக்குக் குரல் கொடுக்கிறார்கள். சூரியனைக் காட்டுங்கள் என்றேன். பக்கத்து அடுக்குமாடியின் தண்ணீர் டேங்கைக் காட்டி, அதற்குப் பின்னால் இருக்கிறது என்றார்கள்.

மத்தியானம் சிந்துவிடம், "பெட்டிய எறக்கினியா கண்ணு? துணிமணி எடுத்து வெக்கலாமா?" என்றேன்.

"இன்னாமா அவசரம்? அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

என் வயிற்றில் பிறந்தது 'இன்னாமா' என்கிறது. அதைவிட, பெட்டி அலமாரிக்கு மேலேயே தூசியோடு இருந்ததுதான் என் கண்ணை உறுத்தியது.

அடுத்த நாள் வளையல் வாங்க தி.நகர் போனோம். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தைத் தாண்டி இறங்கினால் ரங்கநாதன் தெரு. அந்தத் தெருவில் நாம் நடப்பதில்லை, பின்னால் வருகிறவர்கள் நம்மை நடத்திக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஒப்பணக்கார வீதியிலும் தீபாவளிக் கூட்டம் உண்டு, ஆனால் இடித்தால் "மன்னிச்சுக்கோங்க" என்பார்கள். இங்கே ஒருவர் என்னை இடித்துவிட்டு, "ஓரமா போம்மா" என்றார். ஓரம் எங்கே இருக்கிறதென்று கேட்டேன். அதற்குள் அவரைக் கூட்டம் கொண்டுபோய்விட்டது. பச்சையும் சிவப்புமாக டஜன் டஜனாய்க் கண்ணாடி வளையல் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடையாமல் வீடு சேர்த்தேன்.

அன்று மாலைதான் கஸ்தூரி அம்மா அறிவித்தார். "நாளைக்கு காணும் பொங்கலு. எல்லாம் பீச்சுக்கு. சம்மந்தி கடலையே பாத்ததில்லியே!"

கடலை நான் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரியில், மூன்று கடல் ஒன்றாக. ஆனால் அவருக்கு மெரினாதான் கடல், மற்றதெல்லாம் தண்ணீர்.

"ஏனுங்க சம்பந்திம்மா, புள்ளத்தாச்சிய அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

"இன்னா சம்மந்தி நீங்க! தினேசு வயித்துல கீறப்போ மாசம் ஏறினதுக்கு அப்பாலயும் நான் பீச்சுல சுண்டல் துன்னுக்கினு குந்தினு இருந்தேன். இன்னா ஆயிட்டான் அவன்? நல்லாத்தானே கீறான்?"

சிந்துவைப் பார்த்தேன். "போலாம்மா, ஓரமா உக்காந்துட்டு வந்துடலாம். எனக்கும் உங்கிட்டப் பேசணும்" என்றாள். வீட்டில் பேச முடியாதது என்ன, கடலில் போய்ப் பேச வேண்டியது? பெட்டி ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் காணும் பொங்கல் என்றால் பூப்பறிக்கிற நோம்பி. பெண்கள் பாட்டுப் பாடி ஆவாரம்பூப் பறித்து, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இங்கே மொத்த ஊரும் கிளம்பி ஒரே இடத்துக்குப் போகிறது. காரணம் ஒன்றே ஒன்று. ஓசி. டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது, மூடும் நேரம் கிடையாது. எனக்கு ஓசியில் எப்போதும் நம்பிக்கை இல்லை. ஆழியாறில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள், அதனால் உள்ளே ஒரு மரியாதை இருக்கும். கதவே இல்லாத இடத்தில் யார் யாரைக் கேட்பது?

பஸ் எங்களைக் கடற்கரையில் விடவில்லை. லஸ் முனையிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டது. "அதுக்கு மேல போகாது, ரோடு பிளாக்" என்றார் கண்டக்டர். அதைக் கேட்டு யாரும் கோபப்படவில்லை. தூக்குவாளியையும் பாயையும் பந்தையும் பாட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். என்னைத் தவிர அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது. தெரிந்தும் ஏறியிருக்கிறார்கள்.

கச்சேரி ரோட்டில் பாதி தூரம் போனதும் சிந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. மாப்பிள்ளை போனில் எதையோ தட்டித் தட்டி, கார் வருது, வருது என்றார். வரவில்லை. நான் வாய் திறப்பதற்குள் கஸ்தூரி அம்மா நடுரோட்டில் இறங்கிக் கை காட்டி ஒரு வண்டியை நிறுத்தினார். முன்னால் பலகைத் தட்டு, பின்னால் ஓட்டுகிறவர், அதற்குப் பழைய ஸ்கூட்டர் இன்ஜின். மீன்பாடி வண்டி. காலையில் அதில் என்ன வந்ததென்று மூக்கே சொன்னது.

"இன்னாக்கா, இந்தப் பக்கம்?" என்றார் வண்டிக்காரர். கஸ்தூரி அம்மா பிறந்த குப்பத்து ஆள்.

"மருமவ மாசமா கீறா நைனா. லைட் ஹவுசாண்ட விட்டுரு. பையப் போ."

பலகை மேல் பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போட்டுச் சிந்துவை ஏற்றினார்கள். துணைக்கு நான். முப்பது வருஷம் காலை இறைவணக்கத்தில் மேடை மேல் நின்றவள், மயிலாப்பூர் வீதியில் மீன் வண்டியில் கால் தொங்கப்போட்டுப் போனேன். கோயம்புத்தூரில் யாரும் பார்த்திருக்க வழியில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் கை எவ்வளவு நாளைக்கப்புறம் என் கையில் இருக்கிறது என்று யோசிக்கவே தோன்றவில்லை.

கடற்கரை என்று ஒன்றைக் காட்டினார்கள். நான் பார்த்தது தலைகள். மணல் தெரியவில்லை. தலைகளுக்கு மேலே பட்டம், பலூன், பஜ்ஜிப் புகை, ஒரு ராட்டினம். கடல் எங்கே என்று கேட்டேன்.

"தோ, அந்த வேலிக்கு அந்தாண்ட" என்றார் கஸ்தூரி அம்மா.

வேலி! கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே சவுக்குக் கம்பு நட்டு, கண்ணுக்கு எட்டிய தூரம் வேலி கட்டியிருந்தார்கள். அலையில் இறங்கி யாராவது போய்விடுவார்கள் என்று காணும் பொங்கலன்று மட்டும் போலீஸ் இப்படிக் கட்டுமாம். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் கடல் திறந்து கிடக்குமாம். அன்றைக்கெல்லாம் வராமல், தொட முடியாத ஒரே நாளாகப் பார்த்து மொத்த ஊரும் கடலுக்கு வருகிறது. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. இதற்கு ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

மணலில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பெண் போலீஸ், வருகிற குழந்தைகளின் மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் பெற்றோரின் போன் நம்பர். பிள்ளை தொலைந்தால் பட்டையைப் பார்த்துக் கூப்பிடுவார்களாம். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. பிள்ளையைக் கையில் பிடிக்கத் துப்பில்லாதவர்கள் பட்டை கட்டிக்கொள்கிறார்கள் என்று சிந்துவின் காதில் சொன்னேன்.

அதற்குள் கஸ்தூரி அம்மா என் கையைப் பிடித்து நீட்டினார். "எங்க சம்மந்திக்கும் ஒண்ணு கட்டுமா. ஊருக்குப் புச்சு."

"கட்டிக்கோங்கம்மா, பெரியவங்களுக்கும் கட்டறோம்" என்றார் அந்தப் போலீஸ்.

"வேண்டாமுங்க. நானென்ன பால்வாடிப் புள்ளையா? நான் டீச்சருங்க" என்று கையை இழுத்துக்கொண்டேன். கஸ்தூரி அம்மாவின் முகம் சுருங்கியது. சிந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கூட்டத்தில் ஒரு பெட்ஷீட் அகலத்துக்கு இடம் பிடித்து உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் பிரியாணி அண்டாவையே கொண்டுவந்திருந்தது. யாரென்று கேட்காமல் எங்கள் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தார்கள். வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டார்கள். கஸ்தூரி அம்மா பதிலுக்கு என் ஒப்புட்டில் நான்கை எடுத்து நீட்டினார். என்னைக் கேட்கவில்லை. நான் சுட்டது, நெய் விட்டு, சிந்துவுக்காக. அந்தக் குடும்பத்துப் பெரியவர் தின்றுவிட்டு, "போளி ஜோரா கீது" என்றார். ஒப்புட்டைப் போளி என்கிற ஊர். எல்லாவற்றிலும் ஒரு பிடி மணல். பிரியாணியிலும் மணல், மாங்காய்ப் பத்தையிலும் மணல், பல்லுக்குள்ளும் மணல்.

அப்போதுதான் சிந்து சொன்னாள்.

"அம்மா, நான் ஊருக்கு வரல. இங்கயே பெத்துக்கறேன்."

பட்டென்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மணலைக் கிளறினாள். நான் கஸ்தூரி அம்மாவைத்தான் பார்த்தேன். குரல் என்னையறியாமல் உயர்ந்தது.

"இது யாரு குடுத்த யோசனைன்னு எனக்குத் தெரியுமுங்க. தாய்வீட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு ஒரு மாமியார் நெனைக்கறது எங்க பக்கமெல்லாம் கேள்விப்பட்டதே இல்லீங்க."

"அய்ய, நானா?" என்று நெஞ்சில் கை வைத்தார் கஸ்தூரி அம்மா. "போ போன்னு நான்தான் சொல்லிக்கினே கீறேன். அம்மாவாண்ட போனாத்தான் ஒனக்கு நல்லதுன்னு. நீங்களே கேளுங்க சம்மந்தி."

"அவங்க ஒண்ணும் சொல்லல, நான்தான்" என்றாள் சிந்து. "பொறக்கறப்ப தினேஷ் பக்கத்துல இருக்கணும்மா. அங்க வந்தா அவருக்கு லீவு கெடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். டாக்டர் இங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. கடைசி வரைக்கும் வேலைக்கும் போகணும். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா தவிச்சுட்டிருக்கேன்."

"ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன்" என்றேன். "தொட்டில எறக்கி வெச்சிருக்கேன்."

"தெரியும்மா" என்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. மாப்பிள்ளை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழக்கூடாது. பிரியாணிக் குடும்பத்தின் முன்னால் கண்டிப்பாக அழக்கூடாது. எழுந்து, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி நடந்தேன். மெட்ராஸ்காரன் ஒருத்தன், ஓர் ஆபீஸ், ஒரு டாக்டர், எல்லாம் சேர்ந்து என் பெண்ணை எடுத்துக்கொண்டுவிட்டது. அழைத்துவரப் போன நான் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வேலி வரை போய் நின்றேன். கம்புகளுக்கு நடுவில் கடல் அதன்பாட்டுக்கு வந்து வந்து போனது. அதை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

திரும்பினேன். எங்கள் பெட்ஷீட் இருந்த இடம் தெரியவில்லை.

அடையாளத்துக்கு ராட்டினம் வைத்திருந்தேன். பார்த்தால் மூன்று ராட்டினம். பிரியாணி அண்டாவைத் தேடினேன். மெரினாவில் அன்றைக்கு அண்டா இல்லாத குடும்பமே இல்லை. எங்களுடையதைப் போலவே நீலப் பெட்ஷீட் ஒன்றை நோக்கி ஓடினேன், அதில் முன்பின் தெரியாத ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். போன் பையில், பை பெட்ஷீட் மேல். "சிந்து!" என்று கத்தினேன். வேறு இரண்டு சிந்து திரும்பிப் பார்த்தார்கள். பயமாக இருந்தது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. வெட்கம் அதைவிட அதிகமாக இருந்தது.

பஜ்ஜிக்கடைப் பெண் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "தொலஞ்சுட்டியாம்மா? தோ, மைக் கட்டிக்கீற பந்தலு தெரிது பாரு, அங்க போ" என்றாள்.

பந்தலுக்குள் பெஞ்சில் வரிசையாகக் குழந்தைகள். சிலது அழுகிறது, சிலது பிஸ்கட் தின்கிறது, ஒன்று அழுதுகொண்டே தின்கிறது. எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார்கள். வாசலில் பட்டை கட்டிக்கொண்டிருந்த அதே பெண் போலீஸ் இப்போது மைக் பக்கத்தில் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது போலிருந்தது, ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நல்ல குணத்துக்கு அவர் நன்றாயிருக்க வேண்டும்.

"மக நம்பர் சொல்லுங்கம்மா."

தெரியவில்லை. மகள் நம்பர், மாப்பிள்ளை நம்பர், சம்பந்தி நம்பர், எல்லாம் பெயரைத் தொட்டால் போகிறது, யார் மனப்பாடம் செய்தது? எனக்குத் தெரிந்தது வடவள்ளியில் இருக்கும் என் வீட்டுக்காரர் நம்பர் மட்டும். மெரினாவில் தொலைந்தவளுக்காகக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்கள். போலீஸ் பேசுகிறோம் என்றதும் அவர் குரல் எனக்கே கேட்டது.

"ருக்மணியா? தொலஞ்சு போயிட்டாளா? நல்லா விசாரிச்சீங்களா சார், வேற யாராச்சும் இருக்கப்போகுது."

அவர் சிந்துவைக் கூப்பிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சிந்துவுக்கு லைன் கிடைக்கிறதோ இல்லையோ என்று மைக்கிலும் சொன்னார்கள். "கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் ருக்மணி என்ற அம்மா, பச்சை நிறப் புடவை, லைட் ஹவுஸ் அருகில் உள்ள உதவி மையத்தில் பத்திரமாக இருக்கிறார். அழைத்துவந்தவர்கள் உடனடியாக வந்து பெற்றுக்கொள்ளவும்." இறைவணக்கத்தில் எத்தனை பேர் பெயரை மைக்கில் வாசித்திருப்பேன். என் பெயர் மைக்கில் எப்படி ஒலிக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

காத்திருந்தேன். ஒவ்வொரு தாயாக ஓடிவந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி. முதலில் பிள்ளையின் முதுகில் ஓர் அடி. "எங்கடா போன? சொல்லிட்டுப் போகத் தெரியாது?" அடுத்த நொடி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகை. கொடுப்பதற்கு முன்னால் அந்தப் போலீஸ் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டார்: "இவங்க யாருன்னு தெரியுதா செல்லம்? இவங்க கூடத்தான் வந்தியா?" பிள்ளை தலையாட்டினால்தான் கையை விட்டார். சரியான முறை. நானும் அப்படித்தான் செய்வேன். அந்த ஊரில் நான் பார்த்த முதல் ஒழுங்கு அதுதான்.

பெஞ்சில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். யாரும் எனக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு வந்தேனே, வராமலே இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் கஸ்தூரி அம்மா வந்தார். "வழி வுடுய்யா, வழி வுடு, மாசமா கீற பொண்ணு வருது" என்று இரண்டு கையாலும் ஆட்களைத் தள்ளிக்கொண்டு. அவருக்குப் பின்னால், ஒரு கை வயிற்றில், ஒரு கை மாமியார் தோளில், முகமெல்லாம் வேர்த்து, சிந்து.

"அறிவிருக்குதா உனக்கு?" என்றாள். "சொல்லிட்டுப் போகத் தெரியாது? இந்தக் கூட்டத்துல எடறி உழுந்திருந்தீன்னா? போனையும் உட்டுட்டு, சின்னக் கொழந்தையாட்ட! பட்டை கட்டச் சொன்னா அதுக்கும் ரோசம்!"

சொல்லிக்கொண்டே என் தோளில் ஓர் அடி வைத்தாள். வலிக்கும்படியே வைத்தாள். அப்புறம் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வயிறு என் மேல் அழுந்தியது. உள்ளே இருந்ததும் தன் பங்குக்கு ஓர் உதை விட்டது.

பெண் போலீஸ் பக்கத்தில் வந்தார். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்ட அதே கேள்வியை, அதே குரலில் என்னிடமும் கேட்டார்.

"இவங்க யாருன்னு தெரியுதாம்மா? இவங்க கூடத்தான் வந்தீங்களா?"

"தெரியுமுங்க" என்றேன். "என்ற பொண்ணுங்க. என்னயக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. நான் எதற்காக ரயில் ஏறினேனோ, அதே வார்த்தை. ஆள்தான் மாறியிருந்தது.

சிந்து மேஜை மேலிருந்து ஒரு பட்டையை எடுத்து, தன் நம்பரை எழுதி, என் மணிக்கட்டில் கட்டினாள். இந்தத் தடவை நான் கையை இழுக்கவில்லை. மணலில் மெதுவாகத் திரும்பி நடந்தபோது என் கையை அவள் விடவேயில்லை.

"நான் வரலம்மா. ஆனா நீ வா" என்றாள். "மாசி பொறந்ததும் வந்திரு. எனக்கு நீ பக்கத்துல இல்லாம பயமாத்தான் இருக்குது."

"இந்த ஊர்ல எவ இருப்பா மாசக் கணக்குல?" என்றேன்.

"நம்மூட்டுலயே குந்துங்க சம்மந்தி. கூடத்துல ஃபேனுக்குக் கீழ எடம் போட்டுத் தர்றேன்" என்றார் கஸ்தூரி அம்மா. "உளுந்துக்குத் தனித் தண்ணி, உங்களுக்குத் தனித் தண்ணி."

வெள்ளிக்கிழமை வளைகாப்பு நடந்தது. வந்த பெண்கள் எல்லோரும் சிந்துவின் கை நிறைய வளையல் அடுக்கினார்கள். நான் அடுக்கும்போது என் கையிலிருந்த பட்டையைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மறுநாள் ரயிலில் சிந்துவுக்கு எடுத்திருந்த சீட்டில் என் பை உட்கார்ந்துகொண்டு வந்தது.

கோயம்புத்தூர் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் முதலில் என் பின்னால் பார்த்தார். யாரும் இறங்கவில்லை என்றதும் என்னைப் பார்த்தார். அப்புறம் கையைப் பார்த்தார்.

"இதென்ன ருக்மணி?"

"மெட்ராஸ்ல கட்டி உட்டாங்க. ஓசிதான்."

"வீட்டுக்குப் போனதும் கத்தரியில வெட்டிரலாமா?"

"இருக்கட்டும்" என்றேன். "மறுபடியும் அந்த ஊருக்குத்தான் போகோணும். நீங்க அந்தத் தொட்டிலப் பிரிச்சுக் கட்டி வெய்யுங்க. ரயில்ல ஏத்தோணும்."